சின்னவனை எப்போது வீட்டுக்கு அழைத்து வரப் போகிறீர்கள்?

கேள்வி: என் மகளுக்குப் பள்ளி இறுதித் தேர்வு முடிந்து ஆறு வாரம் ஆகிறது. ஒன்பது கல்லூரிகளுக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறோம். இரண்டில் இடம் இல்லை என்று பதில் வந்துவிட்டது. ஒன்றில் காத்திருப்போர் பட்டியல். மற்றவை இன்னும் தெரியவில்லை. எனக்குத் தூக்கமே போய்விட்டது. ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து ஒவ்வொரு கல்லூரியின் இணையதளமாகப் பார்க்கிறேன். ரத்த அழுத்தம் ஏறியிருப்பதாக டாக்டர் மாத்திரையைக் கூட்டியிருக்கிறார். கணவர் "எது கிடைக்கிறதோ அதில் படிக்கட்டும்" என்று சொல்லிவிட்டு டிவியில் செய்தி பார்க்கப் போய்விடுகிறார். இதனால் தினமும் சண்டை. மகளோ எதுவுமே நடக்காதது போல இருக்கிறாள். ராத்திரி பதினொரு மணிக்குத் தம்பியுடன் போனில் பேசிச் சிரிக்கிறாள். அதையும் நான்தான் கண்டிக்க வேண்டியிருக்கிறது. (சின்னவனுக்குப் பத்து வயது. வீட்டில் சத்தம் இருக்கக் கூடாது என்று தேர்வுக்கு முன்பே என் அக்கா வீட்டில் விட்டிருக்கிறோம். அங்கிருந்தே பள்ளிக்குப் போய் வருகிறான். முதலில் அழுதான், இப்போது பழகிவிட்டான். வீட்டுக்கு வர வேண்டும் என்று கேட்பதே இல்லை.) இந்த மன அழுத்தத்திலிருந்து நான் எப்படி மீள்வது? தியானம், மூச்சுப் பயிற்சி ஏதாவது சொல்லுங்கள்.

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அம்மா, நீங்கள் அடைப்புக்குறிக்குள் எழுதியதற்குத்தான் நான் முதலில் பதில் சொல்லப் போகிறேன். மற்றதெல்லாம் வருடாவருடம் இந்த மாதங்களில் எனக்கு வரும் கடிதங்களில் இருப்பதுதான். தூங்காத அம்மா, செய்தி பார்க்கும் அப்பா, கதவைச் சாத்திக்கொள்ளும் பிள்ளை. மூச்சுப் பயிற்சி நல்லதுதான், தாராளமாகச் செய்யுங்கள். டாக்டர் கொடுத்த மாத்திரையை வேளாவேளைக்குப் போடுங்கள். அவ்வளவுதான் அதைப் பற்றி.

இப்போது சின்னவனுக்கு வருவோம். தேர்வுக்கு முன்பே விட்டோம் என்கிறீர்கள், எத்தனை நாள் முன்பு என்று எழுதவில்லை. ஒரு மாதம் என்று வைத்துக்கொள்கிறேன். தேர்வு நடந்த வாரங்கள், அப்புறம் இந்த ஆறு வாரம். கூட்டிப் பாருங்கள், மூன்று மாதத்துக்குப் பக்கத்தில் வருகிறது. பத்து வயதுப் பையன் மூன்று மாதமாகத் தன் வீட்டில் இல்லை. அதை நீங்கள் அடைப்புக்குறிக்குள் எழுதியிருக்கிறீர்கள்.

தேர்வு சமயத்தில் அமைதி வேண்டியிருந்தது, சரி. நான் அதையே ஒத்துக்கொள்ள மாட்டேன், இருந்தாலும் வாதத்துக்காகச் சரி என்கிறேன். தேர்வு முடிந்துவிட்டதே? கல்லூரியிலிருந்து பதில் வருவதற்குக் காத்திருக்க எதற்கு அமைதி? உங்கள் மகள் இப்போது எதையும் மனப்பாடம் செய்துகொண்டிருக்கவில்லை. தம்பி ஹாலில் பந்து விளையாடினால் எந்தக் கல்லூரியும் இடத்தை ரத்து செய்யாது. அமைதி தேவைப்படுவது உங்களுக்கு. நீங்கள் கவலைப்பட்டுக்கொண்டிருக்கும்போது ஒரு பையன் வந்து "அம்மா, பசிக்கிறது", "அம்மா, இதைப் பாரேன்" என்று இழுப்பதைத் தாங்க முடியவில்லை. மகளின் பெயரைச் சொல்லி அவனை வெளியே வைத்திருக்கிறீர்கள். கடுமையாகச் சொல்கிறேன் என்று நினைப்பீர்கள். நினைத்துக்கொள்ளுங்கள்.

"பழகிவிட்டான், கேட்பதே இல்லை" என்று நிம்மதியாக எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியைத்தான் என்னால் தாண்டிப் போக முடியவில்லை. முதலில் அழுதான். அழுததற்கு யாரும் வரவில்லை. அப்புறம் கேட்டிருப்பான். "அக்காவுக்குக் கல்லூரி கிடைக்கட்டும்" என்று சொல்லியிருப்பீர்கள். இப்போது கேட்பதில்லை. பத்து வயதுப் பிள்ளை வீட்டுக்கு வருகிறேன் என்று கேட்பதை நிறுத்தினால், கேட்டுப் பயனில்லை என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது என்று பொருள்.

அவன் பழகவில்லை என்பதற்கு உங்கள் கடிதத்திலேயே சாட்சி இருக்கிறது. ராத்திரி பதினொரு மணிக்கு மகள் யாருடன் பேசுகிறாள்? அவனுடன். காலையில் பள்ளிக்குப் போக வேண்டிய பையன் அந்த நேரத்தில் ஏன் விழித்திருக்கிறான்? ஆறிலிருந்து பன்னிரண்டு வயதுவரை ஒரு நாளைக்கு 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்று அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமி 2016-ல் வரையறுத்துச் சொன்னது. பதின்வயதினருக்கு 8 முதல் 10 மணி நேரம். பதின்வயதில் உடம்பின் கடிகாரமே கொஞ்சம் தள்ளி ஓடும், பதினொரு மணிக்கு மகள் விழித்திருப்பதில் அதிசயமில்லை. ஆனால் சின்னவன் அக்காவின் போனுக்காகத் தூங்காமல் காத்திருக்கிறான். நீங்கள் போனைப் பற்றி மகளைக் கண்டித்தீர்கள். அவன் ஏன் தூங்கவில்லை என்று கேட்கத் தோன்றவில்லை.

ராத்திரி போன் என்றால் மற்ற அம்மாக்கள் என்னென்னவோ பயந்து எனக்கு எழுதுகிறார்கள். உங்கள் மகள் தம்பியிடம் பேசுகிறாள், அதற்குத் திட்டு வாங்குகிறாள். இரண்டு கல்லூரிகள் இடம் இல்லை என்று சொன்ன பெண் அவள். ஏமாற்றம் அவளுக்கு. வீட்டில் நீங்கள் ஒரு பக்கம் அழ, அப்பா ஒரு பக்கம் ஒதுங்க, அவள் யாரிடம் போவாள்? "எந்தக் கல்லூரி, பதில் வந்ததா" என்று கேட்காத ஒரே ஆள் அந்தத் தம்பிதான். எதுவுமே நடக்காதது போல இருக்கிறாள் என்று குறைபடுகிறீர்கள். உங்களுக்கு முன்னால் அவள் எப்படி இருந்தால் உங்களுக்குத் திருப்தி?

இன்னொன்றும் இருக்கிறது. தனக்காகத் தம்பியை வீட்டை விட்டு அனுப்பினார்கள் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். அது அவள் கேட்ட சலுகை என்று நீங்கள் எங்கேயும் எழுதவில்லை. நீங்களாகக் கொடுத்த கடன். அதைக் கல்லூரி இடமாகத் திருப்பித் தர வேண்டும். கிடைக்காவிட்டால் தன் மதிப்பெண் மட்டும் போகவில்லை, தம்பியின் மூன்று மாதமும் வீணாகப் போனது என்று அவள் நினைப்பாள். பதினேழு வயதுத் தோளில் இதை ஏற்றிவிட்டு "இவளுக்குக் கவலையே இல்லை" என்றால் எப்படி?

வீட்டில் ஒருவருக்கு ஒரு காரியம் என்றால் மற்றவர்கள் விட்டுக்கொடுக்க வேண்டும். இதில் நான் பழைய காலத்து ஆள், மாறப் போவதில்லை. அக்கா படிக்கும்போது டிவி சத்தத்தைக் குறைப்பதும், கூப்பாடு போடாமல் விளையாடுவதும் தம்பியின் கடமைதான். பத்து வயதில் அதைக் கற்றுக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் விட்டுக்கொடுக்கக் கற்பதற்கு அவன் வீட்டில் இருக்க வேண்டுமே! நீங்கள் அவனுக்குக் கற்றுக்கொடுத்தது, முக்கியமான காரியம் வந்தால் இந்த வீட்டில் முதலில் வெளியே போகிற ஆள் தான் என்பதை. எட்டு வருடம் கழித்து அவனும் கல்லூரிக்கு விண்ணப்பம் போடுவான். அப்போது மகளை எங்கே அனுப்புவீர்கள்? உங்கள் அக்கா அவனை நன்றாகத்தான் பார்த்துக்கொள்வார், அதில் எனக்குச் சந்தேகமில்லை. பெரியம்மா வீடு விடுமுறையில் பத்து நாள் இருந்துவிட்டு வருவதற்கு அருமையான இடம்.

"மகளுக்கு ஏதாவது ஓர் இடம் உறுதியாகட்டும், உடனே அழைத்து வருகிறோம்" என்று நீங்கள் சொல்லக்கூடும் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். கூடாது. அப்படிச் செய்தால் அவன் வீடு திரும்புவது அக்காவின் வெற்றிக்குக் கிடைத்த பரிசு ஆகிவிடும். ஒருவேளை நினைத்த இடம் கிடைக்காமல் போனால், எல்லாரும் முகத்தைத் தூக்கி வைத்திருக்கும் வீட்டுக்கு அவனை அழைத்து வருவீர்கள். முடிவு எதுவும் தெரியாத இந்த வாரமே வரட்டும். வந்ததும் அவனிடம் ஒளிவுமறைவில்லாமல் சொல்லுங்கள்: "உன்னை அனுப்பியது எங்கள் தப்பு. அக்கா கேட்கவில்லை, நாங்கள்தான் அனுப்பினோம்." இதை மகள் காதில் விழும்படி சொல்லுங்கள். முதல் சில நாள் அவன் முறைப்பான், எதற்கெடுத்தாலும் சண்டை போடுவான், சாதாரணமாக இருப்பதைவிட அதிகமாகவே சத்தம் போடுவான். பொறுத்துக்கொள்ளுங்கள்.

சரி, கல்லூரி விஷயம். காத்திருப்போர் பட்டியல் எப்படி நகரும் என்று தெரிந்தால் இரண்டு மணிக்கு எழ மாட்டீர்கள். ஒரு மாணவருக்கு மூன்று நான்கு இடங்களில் அனுமதி கிடைக்கும். அவர் ஒன்றில்தான் சேர முடியும், மற்ற இடங்கள் காலியாகும். அது பெரும்பாலும் கட்டணம் கட்டக் கடைசித் தேதி முடிந்த பிறகுதான் கல்லூரிக்கே தெரியும். அந்தத் தேதிகளை ஒரு தாளில் எழுதி வையுங்கள். மற்ற நாட்களில் நீங்கள் எத்தனை முறை பார்த்தாலும் அந்தப் பட்டியல் அதே பட்டியல்தான். சில கல்லூரிகள், பட்டியலில் தொடர்ந்து இருக்க விருப்பமா என்று மாணவரையே கேட்கும், பதில் போடாவிட்டால் பெயர் விழுந்துவிடும். அந்தக் கேள்வி வந்ததா என்று மகள் பார்க்கட்டும். பார்க்க வேண்டியது அவள்தான், நீங்கள் இல்லை. மாலையில் ஒருமுறை அவள் பார்த்துச் சொல்வாள், நீங்கள் கேட்டுக்கொள்வீர்கள். கடவுச்சொல் உங்களிடம் இருந்தால் அவளிடம் கொடுத்துவிடுங்கள். கல்லூரிக்குப் போகப் போகிறவள், தன் விண்ணப்பத்தைத் தானே பார்க்கத் தெரியாவிட்டால் அங்கே போய் என்ன செய்வாள்? சான்றிதழ்களில் பெயரும் முதலெழுத்தும் எல்லாவற்றிலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று இப்போதே சரிபாருங்கள். சேர்க்கை நாளில் பலர் அலைவது இதற்காகத்தான். உங்கள் பதற்றத்துக்கு அது பயனுள்ள வேலை.

பெயர் பெற்ற கல்லூரி கிடைக்காவிட்டால் வாழ்க்கையே போச்சு என்ற எண்ணம் உங்கள் கடிதம் முழுக்க இருக்கிறது. ஸ்டேசி டேல், ஆலன் க்ரூகர் என்ற இருவர் 2002-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். அமெரிக்காவில் 1976-ல் கல்லூரியில் சேர்ந்தவர்களின் பிற்காலச் சம்பாத்தியத்தை எடுத்துப் பார்த்தார்கள். ஒரே மாதிரிக் கல்லூரிகளுக்கு விண்ணப்பித்து, அனுமதியும் ஒரே மாதிரி கிடைத்தவர்களில், கடுமையாக வடிகட்டும் கல்லூரிக்குப் போனவர்களும் அதைவிட எளிதில் இடம் தரும் கல்லூரிக்குப் போனவர்களும் ஏறக்குறைய ஒரே அளவு சம்பாதித்தார்கள். வசதி குறைந்த வீட்டிலிருந்து வந்த பிள்ளைகளுக்குத்தான் அந்தப் பெரிய கல்லூரி நல்ல பலன் தந்தது. ஒரு நாட்டின், ஒரு காலத்தின் கணக்கு இது. எல்லா ஊருக்கும் அப்படியே பொருந்தும் என்று நான் சொல்லவில்லை. கல்லூரி வேண்டாத பொருள் என்றும் சொல்லவில்லை, நல்லது கிடைத்தால் போகட்டும். ஆனால் ஒரு பையனை வீட்டை விட்டு அனுப்பும் அளவுக்கு அந்தப் பெயர்ப் பலகையில் என்ன இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். இந்த ஆய்வை மகளிடம் ஆறுதலாகப் படித்துக் காட்டாதீர்கள், தயவுசெய்து. அவளுக்கு இப்போது உங்கள் ஆராய்ச்சி வேண்டாம்.

கணவரையும் விடப் போவதில்லை. "எது கிடைக்கிறதோ" என்பது கேட்க நிதானமாக இருக்கிறது, ஆனால் அதில் ஒரு வேலையும் இல்லை. மகனை அனுப்பியபோது அவரும்தானே இருந்தார்? மாட்டேன் என்று சொன்னாரா? ஒரு மாலை இருவரும் உட்கார்ந்து பணக் கணக்குப் போடுங்கள். ஆண்டுக்கு எவ்வளவு, எத்தனை ஆண்டு, கையில் இருப்பது எவ்வளவு, கடன் என்றால் யார் பெயரில், எப்போது அடைப்பது. சின்னவனுக்கென்று சேர்த்ததில் கை வைக்காமல் எவ்வளவு முடியும் என்று முதலில் பாருங்கள். வரும் தொகையை மகளிடம் ஒருமுறை தெளிவாகச் சொல்லிவிடுங்கள். அதற்குள் அடங்கும் கல்லூரிகளில் எது என்பதை அவள் முடிவு செய்யட்டும். முடிவு செய்தபின் அதைப் பற்றிப் பெருமூச்சு விடாதீர்கள்.

உங்கள் அக்காவுக்கு இன்றைக்கே போன் செய்யுங்கள். பையனின் துணிமணி, புத்தகம் எல்லாம் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். நாளைக்குப் பள்ளி விட்டதும் அவன் நேராக வீட்டுக்கு வரட்டும். வாசலில் போய் நின்று அழைத்து வருவது அப்பாவாக இருக்கட்டும். ஒரு நாள் செய்தி பார்க்காவிட்டால் அவருக்கு ஒன்றும் ஆகிவிடாது.