பாதி டாண்டாவில் ஜோடிகள் போய் உட்கார்ந்தால் என்ன பொருள்?

கேள்வி: 2 ஆண்டுகளாக டாங்கோ வகுப்பு எடுக்கிறேன். எங்கள் குழுவின் சனிக்கிழமை மிலோங்காவில் (டாங்கோ ஆடும் கூட்டத்தில்) 3 மணி நேரம் பாட்டுப் போடும் பொறுப்பும் என்னுடையதே. போன முறை நல்ல பாட்டுகளாகத்தான் போட்டேன். ஆனாலும் டாண்டாவின் (இடைவெளி வரை தொடர்ந்து போடும் பாட்டுத் தொகுப்பின்) இரண்டாம், மூன்றாம் பாட்டிலேயே ஜோடிகள் போய் உட்கார்ந்துவிட்டன. 12,000 பாட்டு கொண்ட ஹார்டு டிஸ்க் ஒன்றை ஒருவர் விற்கிறார். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். உங்களிடம் பாட்டுக்குப் பஞ்சமில்லை. அடுக்கிய விதத்தில்தான் பிசகு.

அர்ஜென்டினாவின் புவெனஸ் ஐரிஸில் டாங்கோ ஆடுபவர் முதல் பாட்டின் சில நொடிகளைக் கேட்டு, எந்த ஆர்க்கெஸ்ட்ரா என்று கண்டுகொண்டு, அதற்கு யாருடன் ஆடுவது என்று முடிவு செய்து, கண்ணாலும் தலையசைப்பாலும் அழைக்கிறார். அந்தச் சம்மதம் ஒரு பாட்டுக்கு அல்ல, 4 பாட்டு கொண்ட முழு டாண்டாவுக்கும். நடுவில் விலகுவது துணையை அவமதிப்பதாகும். அப்படியிருந்தும் விலகுகிறார்கள் என்றால், முதல் பாட்டில் நீங்கள் கொடுத்த வாக்கை இரண்டாம் பாட்டில் மீறியிருக்கிறீர்கள்.

ஒரே ஆர்க்கெஸ்ட்ராவாக இருந்தால் போதும் என்று பலரும் நினைக்கிறார்கள். போதாது. ரொபெர்த்தோ ருஃபினோ பாடிய 1940 வாக்கிலான தி சார்லி ஆர்க்கெஸ்ட்ராவும் 1950களின் தி சார்லியும் பெயரில்தான் ஒன்று. பின்னதில் வயலின்கள் பெருகி, நடை நிதானமாகி, அடி நீண்டுவிடும். ரொடோல்ஃபோ பியாஜி 1938 வரை பியானோ வாசித்த தாரியென்சோ ஆர்க்கெஸ்ட்ராவோடு 1950களின் தாரியென்சோவைச் சேர்த்தாலும் இதே கதைதான். ஒரே ஆர்க்கெஸ்ட்ரா, ஒரே பாடகர், 2, 3 ஆண்டுக்குள் பதிவானவை: டாங்கோ டாண்டாவுக்கு இதை மீற வேண்டாம். முதலில் எல்லோருக்கும் தெரிந்த பாட்டு, கடைசியில் வலுவான பாட்டு. அறிமுகமில்லாததை இரண்டாவதாகவோ மூன்றாவதாகவோ வையுங்கள்.

வால்ஸ் தாளமும், ஆட்டக் கூட்டத்தின் அதே பெயர் கொண்ட மிலோங்கா தாளமும் மட்டும் விலக்கு. இவை டாங்கோவைவிட மிகக் குறைவாகவே பதிவாகின. ஆகவே 3 பாட்டு போதும். பாடகர் மாறலாம், வெறும் வாத்திய இசையையும் கலக்கலாம், வேறு வழியில்லையென்றால் இரண்டு ஆர்க்கெஸ்ட்ராவைக்கூடச் சேர்க்கலாம். ஆனால் தாளத்தின் வேகம் மாறக் கூடாது. கனாரோ ஆர்க்கெஸ்ட்ராவின் 1933 ‘மிலோங்கா செந்திமெந்தால்’ நிதானமாக நடக்க வைக்கும். லவுரென்சின் 1937 ‘மிலோங்கா தே மிஸ் அமோரெஸ்’ காலை ஓட வைக்கும். இரண்டும் மிலோங்காதானே என்று அடுத்தடுத்துப் போட்டால், புதிதாக ஆடுபவர் இரண்டாம் பாட்டில் தடுமாறி நிற்பார். இந்த விலக்கைக் காட்டி டாங்கோ டாண்டாவிலும் கலக்க அனுமதி கேட்காதீர்கள்.

வரிசை: இரண்டு டாங்கோ, ஒரு வால்ஸ், மீண்டும் இரண்டு டாங்கோ, ஒரு மிலோங்கா. ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 65 நிமிடம். 3 மணி நேரத்துக்கு 16, 17 டாண்டா, அதாவது 60 சொச்சம் பாட்டு. இதற்கு எதற்கு 12,000? நல்ல பிரதியாக 200 இருந்தால் பல மாதம் ஓட்டலாம்.

ஹார்டு டிஸ்க் வியாபாரிகளைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். ஒரே பதிவு மூன்று பெயரில் இருக்கும். பிற்கால எல்பி இசைத்தட்டுகளில் எதிரொலி சேர்த்த பிரதிகளும், மோனோவைப் பிரித்துச் செய்த போலி ஸ்டீரியோவும், வேகம் கூடிப்போன நாடாப் பிரதிகளும் கலந்து கிடக்கும். சுருதி அரை ஸ்வரம் ஏறினாலே வேகம் 6 சதவீதம் கூடிவிடும். பாடகரின் குரல் மெலிந்து கேட்கும். ஆடுபவருக்குக் காரணம் தெரியாது, களைப்பு மட்டும் தெரியும். ஸ்ட்ரீமிங் நிறுவனங்களும் இதில் சளைத்தவை அல்ல. 1941இல் பதிவானதற்குக் குறுந்தகடு வந்த ஆண்டைப் போட்டுவிடுகிறார்கள். பதிவு ஆண்டு தெரியாமல் டாண்டா கட்டுவது எப்படி? பல ஆண்டுகளாக எவ்வளவோ பேர் முறையிட்டும் ஒரு வரியைத் திருத்த மனம் வரவில்லை. 78 வேக இசைத்தட்டிலிருந்து நேரடியாக மாற்றி, ஒவ்வொரு பாட்டுக்கும் பதிவுத் தேதி தருபவர்களிடம் சிறிது சிறிதாக வாங்குங்கள். வாங்கியதும் ஆர்க்கெஸ்ட்ரா, பாடகர், ஆண்டு, தாள வகை ஆகிய நான்கையும் கோப்பிலேயே எழுதிவிடுங்கள்.

‘சர்வதேச டாங்கோ டிஜே சான்றிதழ்’ விற்பவர்களும் வருவார்கள். டிஜேக்கு உரிமம் தரும் அமைப்பு எதுவும் கிடையாது. காசு போனதுதான் மிச்சம்.

சனிக்கிழமை அன்று முதல் வேலையாக, ஒரு பாட்டு அடுத்ததோடு கலந்து வழியும் கிராஸ்ஃபேடை அணையுங்கள். டாங்கோ இறுதியில் வரும் ‘சான்-சான்’ என்ற இரண்டு தட்டில்தான் ஜோடி நின்று முடிக்கிறது; கிராஸ்ஃபேடு அதைத் தின்றுவிடும். பாட்டுகளுக்கு நடுவே 3 நொடி மௌனம் இருக்கட்டும். மிக்சரில் மோனோ வையுங்கள். ஆட்கள் நிறைந்ததும் கூர்மையான ஒலி அடங்கிப்போகும், ஆகவே அறையின் நடுவில் நின்று கேட்டு அப்போது சரிசெய்யுங்கள்.

டாண்டாக்களுக்கு இடையே வரும் கோர்த்தினா என்ற சிறு இசைத்துண்டு டாங்கோவாக இருக்கவே கூடாது. 40 முதல் 60 நொடி விடுங்கள், தரை காலியாகட்டும். அவசரப்பட்டு 20 நொடியில் வெட்டினால், அடுத்த துணையைத் தேடும் கண்களுக்கு நேரமே இராது.

கடைசி டாண்டா என்று வாய்விட்டு அறிவியுங்கள். அது முடிந்ததும் ‘லா கும்பார்சீத்தா’ என்ற டாங்கோ பாட்டு. இரவில் ஒரே ஒருமுறை, முடிவில் மட்டும். நடுவில் போட்டீர்களானால் எல்லோரும் காலணி மாற்றத் தொடங்கிவிடுவார்கள்.