அப்பச்சி நடிக்கவில்லை

அன்புள்ள ஐயா,

எங்கள் ஊர் செட்டிநாட்டுப் பள்ளத்தூர். அப்பச்சிக்கு (அப்பாவுக்கு) 61 வயது. யார் வந்தாலும் முகப்பிலிருந்து எழுந்து 'வாங்க' என்று கேட்கிற மனிதர், இரண்டு வருடமாக ஆளே மாறிவிட்டார். சம்பந்தி வீட்டு ஆச்சியின் உடம்பைப் பற்றி எல்லார் முன்னாலும் ஏதோ சொல்லிவிட்டார். ஆத்தா விழுந்து கை முறிந்தபோது பக்கத்தில் உட்கார்ந்து மாவுருண்டை தின்றுகொண்டிருந்தார். ஆனால் 1985-இல் விற்ற நிலத்தின் விலையைச் சரியாகச் சொல்வார். பங்காளிகள் திமிர் என்கிறார்கள். ஆத்தா, "இத்தனை வருசம் நடிச்சாகளா?" என்று அழுகிறார்.

மீ.

அன்புள்ள மீ,

இல்லை, நடிக்கவில்லை. முதலில் ஆத்தாவிடம் இதைச் சொல்லுங்கள்.

நோய் இன்னதென்று மருத்துவர்தான் சொல்ல வேண்டும். ஆனால் நீங்கள் எழுதியிருப்பது ஃபிரண்டோடெம்போரல் டிமென்ஷியா என்ற மூளைத் தேய்வு நோய் போலிருக்கிறது. நெற்றிக்குப் பின்னாலும் கன்னப்பொட்டுக்கு உள்ளேயும் இருக்கும் மூளைப் பகுதிகள் இதில் முதலில் சுருங்குகின்றன. வாய்க்கு வந்ததைச் சொல்லாமல் அடக்குவதும், அடுத்தவர் வலியைக் கண்டு பதறுவதும், போதும் என்று கையை எடுப்பதும் அந்தப் பகுதிகளின் தயவில்தான். இனிப்பு மேல் வரும் அடங்காத ஆசைகூட இதன் அடையாளம். ஞாபகம் ஆரம்பத்தில் பெரும்பாலும் கெடாமல் இருக்கிறது. அதனால்தான் நிலத்தின் விலை பிசகுவதில்லை. பலருக்கு 45 முதல் 65 வயதுக்குள்ளேயே தொடங்கிவிடுவதால், மூளை நோய் என்று யாருக்கும் தோன்றுவதும் இல்லை.

ஞாபகம் இருக்கிறது, அப்படியானால் வேண்டுமென்றே செய்கிறார் என்று ஊர் போடும் கணக்குதான் எனக்குப் பொறுக்கவில்லை. மறதி நோய்க்குத் தன் பெயரைத் தந்த மருத்துவர் அல்சைமர் 1901-இல் ஃபிராங்க்ஃபர்ட்டில் பார்த்த ஆகஸ்ட் டெட்டர் என்ற 51 வயதுப் பெண்ணுக்குக்கூட, முதலில் வெளிப்பட்டது கணவர் மேல் சந்தேகம்தான். டிமென்ஷியா எப்போதும் மறதியாகவே வாசலில் வந்து நிற்பதில்லை.

அவர் வருத்தப்படவில்லையே என்கிறீர்களா? தன்னிடம் மாற்றம் இருப்பதே தெரியாமல் போவதும் நோயில் சேர்த்திதான். வாதாடிப் புரியவைக்கப் பார்க்காதீர்கள்.

மதுரையில் ஒரு நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். எம்ஆர்ஐ எடுக்கச் சொல்வார். தைராய்டு, பி12 குறைபாடு, மனச்சோர்வு என்று சரிசெய்யக்கூடிய காரணங்களையும் பார்த்துவிட வேண்டும். இந்த நோய்தான் என்றால் நிறுத்த மருந்தில்லை. சில நடத்தைகளைத் தணிக்க மாத்திரைகள் உண்டு.

அப்புறம் பணம். இந்த நோயில் கேட்டவருக்கெல்லாம் கொடுத்துவிடுவதும் உண்டு, கண்ட இடத்தில் கையெழுத்துப் போடுவதும் உண்டு. வங்கிக் கணக்கையும் பத்திரங்களையும் உடனே கவனியுங்கள். பங்காளிகளிடமும் சம்பந்தி வீட்டிலும் விஷயத்தை மறைக்காமல் சொல்லிவிடுங்கள். கை கட்டோடு இருக்கும் ஆத்தாவால் தனியாக அவரைப் பார்த்துக்கொள்ள முடியாது. ஒத்தாசைக்கு இப்போதே ஓர் ஆள் பாருங்கள்.