அட்டையை வைத்து விளையாடுவதெல்லாம் படிப்பா?

அட்டைகளைக் கொண்டு பிள்ளைகள் தாமே செய்து கற்கும் செயல்வழிக் கற்றலில் அவர்கள் உண்மையிலேயே படித்தார்களா, பாயில் உட்கார்ந்து விளையாடினார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டும்தான்.

2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் தொடங்கி, 2007-08இல் தமிழ்நாட்டு அரசுத் தொடக்கப்பள்ளிகள் முழுக்கப் பரவிய முறை இது. மூல யோசனை ஆந்திராவின் ரிஷி வேலி என்ற கல்வி மையத்திலிருந்து வந்தது.

சுவரில் ஏணிப்படி அட்டவணை தொங்கும். பிள்ளை தான் எந்தப் படியில் நிற்கிறது என்று பார்த்து, அதற்குரிய படம் போட்ட அட்டையைத் தட்டிலிருந்து தானே எடுத்துவரும். முடித்தால் அடுத்த படி. ஒரு வாரம் காய்ச்சலில் படுத்த பிள்ளை, விட்ட அட்டையிலிருந்தே தொடரலாம். பழைய முறையில் பாடம் அதை விட்டுவிட்டு ஓடியிருக்கும். அப்புறம் அந்தக் கரும்பலகை. தரையை ஒட்டி, கைக்கு எட்டும் உயரத்தில், ஆளுக்கொரு பங்கு. எனக்கு இதில் ரொம்பப் பிடித்ததே அதுதான்.

சரி, குறையே இல்லையா? உண்டு. ஓராசிரியர் நாற்பது பிள்ளைகளைப் பார்க்க நேர்ந்தால், அட்டையைச் சரிபார்ப்பதிலேயே நேரம் போய்விடும். உட்கார்ந்து பேச முடியாது.

ஆனாலும் அடிப்படை யோசனை போய்விடவில்லை. தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கு எழுத்தும் கணக்கும் கற்பிக்க 2022இல் தமிழ்நாட்டு அரசு கொண்டுவந்த ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்திலும் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று அவரவர் கற்றல் நிலைக்கேற்பத்தான் பிரிக்கிறார்கள்.