கரண்டி பிடிக்கப் போறேன் அண்ணாச்சி!

கேள்வி: அண்ணாச்சி, லீவுக்கு பார்டர் பரோட்டா கடையில மாவு பிசைஞ்சேன், இப்ப செஃப் ஆகணும்னு ஆச, வீட்ல "கரண்டி பிடிக்கவா பிளஸ் டூ படிச்ச"ங்காங்க. என்ன செய்ய?
- வாசகர், செங்கோட்டை

பதில்: தம்பி, மாவு வீசத் தெரிஞ்சா கை பாதி ரெடி, மீதி கால்தான், பத்து மணி நேரம் நிக்கணும்லா! என்.சி.எச்.எம். ஜே.இ.இ.ங்கிற நுழைவுத் தேர்வு எழுதுனா ஐ.எச்.எம்.ங்கிற ஓட்டல் மேனேஜ்மென்ட் காலேஜ்ல 3 வருஷ டிகிரி, உங்களுக்கு சென்னை தரமணிய விட மலையத் தாண்டுனா கேரளா கோவளம் பக்கம். ஆனா முடிச்சதும் நீளத் தொப்பி கிடைக்காது, கோமின்னு அடிமட்டச் சமையல் உதவியாளாப் போடுவாங்க, கேரட்ட 3 மில்லிமீட்டர் கனசதுரமா வெட்டணும், அதுக்குப் பேரு புருன்வாஸ், நான் மொத மாசம் வெட்டுனதெல்லாம் கோணல்மாணல், அம்புட்டும் சூப் பானைக்குத்தான் போச்சு. வீட்லயா? ஞாயித்துக்கிழம புளிக்குப் பதிலா குடம்புளி போட்டு மீன்கறி வச்சுக் குடு, அப்பா ரெண்டாவது தடவ சோறு போட்டுக்கிட்டா அப்ப பேச்ச எடு.