வாசகர் கேள்வி – பதில்: மடக்குக் கத்திக்கு எந்த எஃகு?

கேள்வி: அட்டைப்பெட்டி பிரிக்க, கயிறு அறுக்க, பழம் நறுக்க ஒரு மடக்குக் கத்தி வேண்டும். நான் பார்த்து வைத்திருக்கும் கத்தி டி2, 14சி28என் என இரண்டு எஃகிலும் வருகிறது. எதை எடுக்கலாம்?

பதில்: பழமும் நறுக்குவீர்கள் என்பதால் 14சி28என். டி2 அடிப்படையில் உலோகத் தகட்டை வெட்டி வடிவமைக்கும் அச்சுக் கருவிகளுக்கான எஃகு. கார்பன் ஏறத்தாழ 1.5 சதவீதம், குரோமியம் 12 சதவீதம். இவ்வளவு குரோமியம் இருந்தும் துரு ஏன் பிடிக்கிறது? அதில் கணிசமான பங்கைக் கார்பன் இழுத்துக்கொண்டு கார்பைடு என்ற கடினத் துகள்களாக மாற்றிவிடுகிறது. துருவைத் தடுப்பதோ எஃகில் கரைந்து நிற்கும் குரோமியம் மட்டும்தான். எலுமிச்சைச் சாறு பட்ட டி2 கத்தியைத் துடைக்காமல் மடக்கி வைத்தால் புள்ளி புள்ளியாகக் கறுக்கும்.

ஸ்வீடனில் உருவான 14சி28என்னில் கார்பன் 0.62 சதவீதம்தான், குரோமியம் 14, கூடவே நைட்ரஜன் 0.11. துகள்கள் பொடியானவை என்பதால், பக்கத்துக்கு 15 டிகிரி என்று வெட்டும் வாயை மெலிதாக வைத்தாலும் எளிதில் சில்லு பெயராது. சாதாரணச் சாணைக்கல்லிலேயே விரைவில் கூர் ஏறும். நாள் முழுக்க அட்டை மட்டுமே அறுப்பவருக்கு டி2 பொருத்தம்; அங்கே அதன் கூர் கூடுதல் நேரம் நிற்கும்.

கேள்வி: எஸ்30வி எஃகுக் கத்தியை எவ்வளவு தேய்த்தாலும் கூர் வரவில்லை. வந்தாலும் நாலு வெட்டில் போய்விடுகிறது.

பதில்: இவை இரண்டு வேறு கோளாறுகள். எஸ்30வியில் வனேடியம் 4 சதவீதம். வனேடியம் கார்பைடு, சாணைக்கல்லில் உள்ள அலுமினியம் ஆக்சைடைவிடக் கடினம். கல் சுற்றியுள்ள எஃகைத் தேய்க்கும், துகளை நறுக்காது. வைரத் தகட்டுக்கு மாறுங்கள்: முதலில் 400 கிரிட் (சொரசொரப்பு எண்), பிறகு 1000.

நாலு வெட்டில் கூர் போவதற்குப் பெரும்பாலும் காரணம், தேய்த்ததில் எழுந்து வாயில் ஒட்டிக்கொண்டிருக்கும் மெல்லிய உலோகப் பிசிறு. மார்க்கர் பேனாவால் வாயோரம் மை பூசி, பக்கத்துக்கு 17 முதல் 20 டிகிரி சாய்வில் தேயுங்கள். விளிம்பு வரை மை அழிந்தால்தான் கோணம் சரி. அடி முதல் நுனி வரை எதிர்ப்பக்கம் பிசிறு விரலில் தட்டுப்படும்வரை ஒரு பக்கம். பிறகு மறுபக்கமும் அப்படியே. அதன்பின் அழுத்தம் கொடுக்காமல் ஒரு இழுப்புக்கு ஒரு பக்கமாக மாற்றி மாற்றி இழுத்து, கடைசியாக 1 மைக்ரான் வைரப் பசை தடவிய தோல் பட்டையில் பின்னோக்கி இழுங்கள். இங்கேதான் பலர் அவசரப்படுகிறார்கள்.

கேள்வி: ராக்வெல் கடினத்தன்மை அளவு 62 உள்ள கத்தி 58 உள்ளதைவிட மேலா?

பதில்: ஒரே எஃகென்றால், 62-இல் வாய் மடங்குவது குறையும், சில்லு பெயர்வது கூடும். வேறு வேறு எஃகை இந்த எண்ணால் மட்டும் ஒப்பிட முடியாது. இரண்டும் 60-இல் இருந்தாலும் எஸ்30வி அட்டையில் 14சி28என்னைவிட அதிக நேரம் தாங்கும். காரணம் அந்த வனேடியம் துகள்கள்.

கேள்வி: கடல் தண்ணீரில் புழங்க எது?

பதில்: கூரைவிடத் துருதான் கவலை என்றால் எல்சி200என் எஃகு. கூரும் நிற்க வேண்டுமென்றால் உலோகவியலாளர் லாரின் தாமஸ் வடிவமைத்து 2021-இல் வெளிவந்த மேக்னாகட் எஃகு. குரோமியம் 10.7 சதவீதம்தான், டி2வைவிடக் குறைவு. ஆனால் அதில் குரோமியம் கார்பைடாகப் போகாமல் கரைந்தே நிற்கிறது. தேய்மானத்தை வனேடியமும் நையோபியமும் பார்த்துக்கொள்கின்றன. கத்தியின் அலகு தப்பினாலும், அது மடங்கும் இடத்து அச்சுத் திருகு, பேரிங் குண்டுகள் ஆகியவை துருப்பிடிக்கலாம். உப்புநீர் பட்ட அன்றே நல்ல தண்ணீரில் அலசி, விரித்தபடி உலர்த்தி, அச்சுத் திருகில் ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள்.