பிரெஞ்சுக்கு இங்கிலீஷ் வழியாகப் போகாதீர்கள்: பயணம் கிளம்புகிறவர்களின் கேள்விகளும் என் பதில்களும்

பிரான்சுக்குச் சுற்றுலா போகிறவர்கள் மொழி பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன், கேள்விகள் குவிந்துவிட்டன. நான் புதுச்சேரியில் பெரியவர்களுக்கு, அதாவது விசா கையில் வந்த பிறகு பதறி ஓடி வருகிறவர்களுக்கு, பிரெஞ்சு சொல்லித் தருகிறவள். பிரெஞ்சுச் சொற்களை முடிந்த அளவு தமிழ் எழுத்தில் எழுதியிருக்கிறேன். எல்லாம் தோராயம்தான், வாயில் போட்டு உருட்டிப் பாருங்கள்.

மேடம், இன்னும் மூன்று வாரத்தில் பாரிஸ். எதிலிருந்து ஆரம்பிப்பது?

பொன்ஜூரிலிருந்து. சிரிக்காதீர்கள். நான் முதன்முதலில் லியோன் போனபோது ஒரு ரொட்டிக் கடையில் நுழைந்து, இலக்கணம் ஒரு இம்மி பிசகாமல், 'எனக்கு இரண்டு க்ருவாசான் வேண்டும்' என்று கேட்டேன். கடைக்காரம்மா என்னையே பார்த்தார், நிதானமாக 'பொன்ஜூர்' என்றார், அப்புறம் பேசாமல் நின்றார். நான் பதிலுக்கு பொன்ஜூர் சொன்ன பிறகுதான் இடுக்கி க்ருவாசான் பக்கம் போனது. அங்கே கடைக்குள் நுழைவது ஒருவர் வீட்டுக்குள் நுழைவது மாதிரி, வணக்கம் சொல்லாமல் எதையும் கேட்கக் கூடாது. பஸ் ஓட்டுநருக்கு, மருந்துக்கடையில், ஓட்டல் வரவேற்பில், எல்லா இடத்திலும் முதல் சொல் அதுதான். சாயங்காலமானால் பொன்சுவார். வெளியே வரும்போது 'மெர்சி, ஓ ரெவுவார்', அதாவது நன்றி, போய் வருகிறேன். பிரெஞ்சுக்காரர்கள் முசுடு என்று திரும்பி வந்து சொல்கிறவர்களில் பாதிப் பேர் இந்த ஒரு சொல்லை விட்டவர்கள் என்பது என் கணக்கு.

அடுத்தது 'ஜெ வூத்ரே', எனக்கு வேண்டும் என்பதைப் பணிவாகச் சொல்வது. அதற்குப் பின்னால் பொருளின் பெயர், கடைசியில் 'சில் வூ ப்ளே', அதாவது தயவுசெய்து. பெயர் தெரியாவிட்டால் விரலால் காட்டி 'சா', அதாவது இது. பத்து நாள் பயணத்தில் முக்கால்வாசி இந்த ஒரு வாக்கியத்திலேயே ஓடிவிடும்.

உச்சரிப்புதான் பயமாக இருக்கிறது அக்கா. எழுதுவது ஒன்று, படிப்பது ஒன்று.

பயத்துக்குக் காரணம், நீங்கள் பிரெஞ்சை இங்கிலீஷ் வழியாகப் படிப்பது. தமிழ் வழியாக வாருங்கள், பாதி வேலை ஏற்கெனவே முடிந்திருக்கிறது. மூக்கொலியை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் 'பழம்' என்று சாதாரணமாகச் சொல்லிப் பாருங்கள், கடைசியில் உதடு மூடுவதே இல்லை, ஒலி மூக்கு வழியாகப் போய்விடும். 'வந்தான்' என்பதும் பேச்சில் அப்படித்தான் முடிகிறது. பிரெஞ்சின் 'போன்', 'வேன்', 'ரெஸ்தோரான்' எல்லாம் அதே ஜாதி. ன் என்று நாக்கை மேலே ஒட்டாமல் மூக்கோடு நிறுத்துங்கள். இங்கிலீஷ்காரர்கள் இதற்கு மாதக்கணக்கில் திணறுவார்கள்.

அதே மாதிரி பிரெஞ்சில் ட கிடையாது, நம் த தான். டாக்சி அல்ல, தக்சி. டாய்லெட் அல்ல, துவாலெத். ப, க சொல்லும்போது இங்கிலீஷில் மாதிரி காற்றை ஊதவும் வேண்டாம்.

நமக்கு உண்மையிலேயே புதிதான ஒலி 'ரூ' என்ற சொல்லில் இருக்கிறது, தெரு என்று பொருள். உதட்டை ஊ சொல்வது போலக் குவித்துக்கொண்டு, உள்ளே நாக்கை ஈ சொல்வது போல வைக்க வேண்டும். அதைச் சாதாரண ஊவாகச் சொன்னால் சக்கரம் என்றாகிவிடும். தொண்டையில் உரசும் ர வராவிட்டால் விட்டுவிடுங்கள், நம் ரவே புரியும்.

சொல்லின் கடைசி மெய்யெழுத்து பெரும்பாலும் ஊமை. பாரிஸ் என்று எழுதினாலும் பாரி. ஆனால் அடுத்த சொல் உயிரெழுத்தில் ஆரம்பித்தால் ஊமைக்குப் பேச்சு வந்துவிடும். இரண்டு என்பது 'தெ', இரண்டு யூரோ என்றால் 'தெ-ஸெரோ'. புணர்ச்சி விதி படித்த நமக்கு இதில் அதிசயப்பட ஒன்றுமில்லை. இரண்டு உயிர் மோதினால் நாம் ய், வ் போட்டுச் சமாளிக்கிறோம், அவர்கள் சில இடங்களில் ஒரு த் போட்டுச் சமாளிக்கிறார்கள்.

மேசை பெண், புத்தகம் ஆண். இதை எப்படித்தான் நினைவில் வைப்பது?

நமக்கு அஃறிணையில் ஆண்பால் பெண்பால் இல்லாததால் இது எரிச்சலாகத்தான் இருக்கும். தனிச் சொல்லாக மனப்பாடம் செய்யாதீர்கள், முன்னால் 'அன்' (ஆண்பால்) அல்லது 'யூன்' (பெண்பால்) சேர்த்தே வாயில் ஏற்றுங்கள்: அன் கஃபே (காப்பி), அன் தே (டீ), அன் பிய்யே (டிக்கெட்), யூன் பாகெத் (நீள ரொட்டி), யூன் ஷாம்ப்ர் (அறை). 'சியோன்' என்று முடிகிற சொற்கள் அநேகமாக எல்லாமே பெண்பால்: லதிசியோன், அதாவது பில், ரெசெர்வாசியோன். மாற்றிச் சொன்னாலும் காப்பி வரும், கவலை வேண்டாம். சில இடங்களில் மட்டும் பொருளே மாறும். ஆண்பாலில் 'லீவ்ர்' புத்தகம், பெண்பாலில் அரைக் கிலோ. சந்தையில் 'யூன் லீவ்ர்' தக்காளி கேட்டால் 500 கிராம் நிறுத்துத் தருவார்கள்.

ஒரு குறுக்கு வழி இருக்கிறது. இரண்டுக்குப் பால் வேறுபாடு கிடையாது. சந்தேகம் வந்தால் 'தெ' என்று இரண்டாகக் கேட்டுவிடுங்கள். என்னிடம் படித்த ஒருவர் பயணம் முழுக்க இதையே பின்பற்றி மூன்று கிலோ ஏறித் திரும்பினார்.

தூ, வூ குழப்பம்?

நீ, நீங்கள். அவ்வளவுதான். தெரியாத பெரியவர்கள் எல்லாருக்கும் வூ. சின்னப் பிள்ளைகளுக்கும் நாய்க்குட்டிக்கும் தூ.

70, 80, 90 எண்கள் பைத்தியம் பிடிக்க வைக்கின்றனவே!

70 என்பது அறுபது-பத்து (சுவாசான்த்-தீஸ்), 80 என்பது நான்கு இருபது (காத்ர-வேன்), 99 என்பது நான்கு இருபது பத்தொன்பது. ஆமாம், கொடுமைதான். ஆனால் நாமும் 90-ஐச் சொல்லும்போது தொண்ணூறு என்று நூறை உள்ளே இழுத்துவிட்டு அதை நினைத்துக்கூடப் பார்ப்பதில்லை. பெல்ஜியத்திலும் சுவிட்சர்லாந்திலும் 70-க்கு செப்தான்த், 90-க்கு நோனான்த் என்று நேராகச் சொல்வார்கள், பாரிசிலும் இது புரியும். சொல்வதைவிடக் கேட்டுப் புரிந்துகொள்வதுதான் கஷ்டம். தொலைபேசி எண்ணை இரண்டிரண்டு இலக்கமாகச் சொல்வார்கள். அறுபது என்று காதில் விழுந்ததும் நீங்கள் 60 எழுத, அவர் சொல்ல வந்தது 72 ஆக இருக்கும். பேசாமல் தாளை நீட்டி 'வூ பூவே எக்ரீர்?', எழுதித் தர முடியுமா என்று கேளுங்கள்.

நாங்கள் சுத்த சைவம். முட்டைகூடக் கிடையாது. பட்டினிதானா?

பட்டினி இல்லை, ஆனால் 'வெஜெத்தாரியான்' என்ற ஒரு சொல்லை மட்டும் நம்பாதீர்கள், மீன் பரவாயில்லைதானே என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். இப்படிச் சொல்லுங்கள்: 'ஜெ நெ மான்ஜ் நி வியான்த், நி புவாசோன், நி எ'. இறைச்சியும் இல்லை, மீனும் இல்லை, முட்டையும் இல்லை. புவாசோன் சொல்லும்போது ச அழுத்தமாக வர வேண்டும், வண்டு ரீங்காரம் மாதிரி இழுத்தால் விஷம் என்றாகிவிடும். பச்சைக் காய்கறி சாலட் என்று நினைப்பீர்கள், மேலே 'லார்தோன்' தூவியிருக்கும், அது பன்றி இறைச்சித் துண்டு. வெங்காய சூப்பை வழக்கமாக மாட்டு எலும்புச் சாற்றில்தான் செய்வார்கள். அந்த வாக்கியத்தை ஒரு அட்டையில் பிரெஞ்சில் எழுதி வைத்துக்கொண்டால் நல்லது. பாரிசில் வீட்டுச் சாப்பாட்டு ஞாபகம் வந்தால் கார் து நோர் ரயில் நிலையத்தை ஒட்டிய லா ஷப்பல் பக்கம் போங்கள், ஈழத்தமிழர் கடைகள் வரிசையாக இருக்கின்றன, அங்கே தோசைக்கு பிரெஞ்சு தேவையில்லை.

தண்ணீருக்கு 'யூன் கராஃப் தோ' என்று கேளுங்கள், குழாய்த் தண்ணீர் ஜாடியில் வரும், காசு கிடையாது. வெறும் தண்ணீர் என்றால் பாட்டிலைத் திறந்து பில்லில் ஏற்றிவிட வாய்ப்புண்டு. இன்னொன்று, அங்கே 'மெனு' என்பது விலைப்பட்டியல் அல்ல, குறிப்பிட்ட விலைக்கு வரும் முழுச் சாப்பாடு. பட்டியல் வேண்டுமென்றால் 'லா கார்த்'.

இலக்கணம் கொஞ்சமாவது வேண்டாமா சார்?

சார் இல்லை, மேடம். பரவாயில்லை. மூன்று போதும். எதிர்காலத்துக்கு 'ஜெ வே' போட்டு வினையின் மூல வடிவத்தைச் சேர்த்தால் முடிந்தது: ஜெ வே மான்ஜே, சாப்பிடப் போகிறேன். மறுப்புக்கு வினையின் இரண்டு பக்கமும் நெ, பா. பேச்சில் நெயை விழுங்கிவிடுவார்கள், 'ஜெ நெ சே பா' என்பது 'ஷே பா' ஆகிவிடும், நாம் தெரியவில்லையைத் தெரில என்கிற மாதிரி. கேள்விக்கு வாக்கியத்தைத் திருப்பிப் போட வேண்டியதில்லை, கடைசியில் குரலை ஏற்றினால் போதும்: 'வூஸாவே யூன் ஷாம்ப்ர்?', அறை இருக்கிறதா?

இன்னொரு எச்சரிக்கை. பசி, குளிர், வயது இவற்றையெல்லாம் இங்கிலீஷ் மாதிரி 'நான் இப்படி இருக்கிறேன்' என்று சொல்லக் கூடாது. எனக்குப் பசி, எனக்கு முப்பது வயது என்று நாம் சொல்கிறோமே, அவர்களும் என்னிடம் பசி இருக்கிறது, முப்பது ஆண்டு இருக்கிறது என்கிற பாணியில்தான் சொல்வார்கள்: ஜே ஃபேன், ஜே த்ரான்-தான். வெயில் தாங்கவில்லை என்றால் 'ஜே ஷோ'. இங்கிலீஷை அப்படியே மாற்றி 'ஜெ சுவி ஷோ' என்று சொன்னால் வேறு விதமான சூடு என்று எடுத்துக்கொள்ள இடமுண்டு. குடும்பத்தோடு போகிறவர்கள் கவனம்.

ரயில் நிலையத்தில்?

போக மட்டும் 'அன்-னலே சேம்ப்ள்', போய்வர 'அன்-னலே ரெத்தூர்'. நடைமேடைக்கு வுவா அல்லது கே. பலகையில் நேரம் 24 மணிக் கணக்கில் இருக்கும். 'க்ரேவ்' என்ற சொல் கண்ணில் பட்டால் வேலைநிறுத்தம், வேறு வழி தேடுங்கள்.

அவசரம் என்றால் யாரை அழைப்பது?

112 எதற்கும் போதும். தனித்தனியாக வேண்டுமென்றால் மருத்துவம் 15, போலீஸ் 17, தீயணைப்பு 18. உதவிக்குக் கத்த 'ஓ ஸ்கூர்!'. மருந்துக்கடைக்குப் பச்சைச் சிலுவை அடையாளம்.

பிரிசர்வேட்டிவ் இல்லாத ஜாம் வேண்டும் என்று கேட்பது எப்படி?

தயவுசெய்து அந்தச் சொல்லை அப்படியே சொல்லிவிடாதீர்கள். பிரெஞ்சில் 'ப்ரெசெர்வாத்தீஃப்' என்றால் ஆணுறை. 'சான் கோன்செர்வாத்தேர்' என்று கேளுங்கள்.

மெர்சி எங்கே சொன்னாலும் சரிதானே?

இல்லை! யாராவது ஒன்றை நீட்டி வேண்டுமா என்று கேட்கும்போது வெறும் மெர்சி என்றால் 'வேண்டாம், நன்றி' என்று எடுத்துக்கொள்வார்கள். வேண்டுமென்றால் 'வுய், சில் வூ ப்ளே' அல்லது 'அவெக் ப்ளெசீர்'. ஒரு நண்பர் வீட்டில் அவருடைய அம்மா ஆப்பிள் தார்த் (பழம் வைத்துச் சுட்ட இனிப்பு) செய்திருந்தார், இன்னொரு துண்டு தரட்டுமா என்றார். நான் சிரித்த முகத்தோடு மெர்சி என்றேன். அவரும் சிரித்த முகத்தோடு தட்டை உள்ளே எடுத்துக்கொண்டு போய்விட்டார்.