ஷூபர்ட்டும் ஒரு சுருதியும்: ஜெர்மன் டீச்சர் பதில்கள்

(சென்னையில் பல ஆண்டுகள் ஜெர்மன் கற்பித்து ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் இந்த இதழில் வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

கே: டீச்சர், சினிமாவில் ஜெர்மன் பேசினாலே யாரையோ அதட்டுவதுபோல் இருக்கிறது. அந்த மொழியில் பாடவும் முடியுமா? (வாசகர், திருச்சி)

ப: நீங்கள் பார்த்த படங்களில் ஜெர்மன் பேசியவர்கள் எல்லாம் ராணுவ உடுப்பில் இருந்திருப்பார்கள். அந்த உடுப்பைப் போட்டால் எந்த மொழியும் அதட்டத்தான் செய்யும்.

ஆஸ்திரிய இசையமைப்பாளர் ஷூபர்ட்டின் 'வின்டர்ரைஸ' கேளுங்கள். குளிர்காலப் பயணம். 1827-ல் இசையமைத்தது, மொத்தம் 24 பாட்டு. காதலில் தோற்ற ஒருவன் பனியில் ஊரைவிட்டு நடந்து போகிறான், அவ்வளவுதான் கதை. ஒரு குரல், ஒரு பியானோ. ரசிகர்கள் கோபித்துக்கொண்டாலும் சரி, கடைசிப் பாட்டை முதலில் கேட்கச் சொல்வேன். ஊருக்கு வெளியே ஒரு கிழவர் பனிக்கட்டிமேல் வெறுங்காலோடு நின்று, கைப்பிடியைச் சுற்றி ஒலிக்கும் ஒரு தெருவாத்தியத்தை வாசிக்கிறார். தட்டில் காசு விழவில்லை. நாய்கள் உறுமுகின்றன. பியானோவின் இடது கை தொடக்கத்திலிருந்து முடிவுவரை இரண்டே சுரங்களைப் பிடித்துக்கொண்டிருக்கும்: நம் சட்ஜமும் பஞ்சமமும். நான் சிறு வயதில் வீணை கற்றவள். முதல் தடவை கேட்டபோது, அட, இது தம்புராவாயிற்றே என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஆனால் தம்புரா பாடுகிறவரைத் தாங்கும். இது யாரையும் தாங்குவதில்லை, நின்ற இடத்திலேயே நிற்கிறது. குரல் இரண்டு அடி பாடி நிறுத்த, வாத்தியம் அதே சின்னத் துணுக்கைத் திரும்பத் திரும்பச் சொல்கிறது. குரலும் கத்துவதில்லை, கிட்டத்தட்ட பேச்சுதான். அதைக் கேட்டுவிட்டு ஜெர்மன் கரடுமுரடான மொழி என்று எழுதுங்கள், பிரசுரிக்கச் சொல்கிறேன்.

கே: ஜெர்மன் சொல்லித்தரும் இடத்தை மாக்ஸ்முல்லர் பவன் என்கிறார்களே, அந்த மாக்ஸ்முல்லர் சென்னைக்கு வந்திருக்கிறாரா? (வாசகி, மதுரை)

ப: சென்னைக்கு என்ன, இந்தியாவுக்கே வந்ததில்லை. ஆக்ஸ்ஃபோர்டில் இருந்துகொண்டே ரிக்வேதத்தைப் பதிப்பித்தார். மேலே சொன்ன 24 பாட்டுகளையும் எழுதிய கவிஞர் வில்ஹெல்ம் முல்லர் இவருடைய அப்பா. மகனுக்கு நான்கு வயது முடிவதற்குள் அவர் இறந்துவிட்டார், 1827-லேயே. அடுத்த ஆண்டு ஷூபர்ட்டும் போய்விட்டார், 31 வயதில்.

இங்கே வந்த ஜெர்மானியர் வேண்டுமென்றால் சீகன்பால்க் என்ற பாதிரியார். 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் வந்து இறங்கி, பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் தமிழ் எழுத்துப் பழகினார். புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டதற்காகத்தான் அவரை நினைவில் வைத்திருக்கிறார்கள். எனக்கென்னவோ மணலில் எழுதிய அந்த மாணவரைத்தான் பிடிக்கும்.

கே: மகன் ஸ்டுட்கார்ட்டில் வேலை பார்க்கிறான். மருமகள் அங்கே போக ஏ1 என்கிற ஆரம்பநிலை ஜெர்மன் தேர்வு எழுத வேண்டுமாம். மூன்று மாதத்தில் முடியுமா? (வாசகி, ஈரோடு)

ப: முடியும் அம்மா. முதலில், மகனிடம் ப்ளூ கார்டு, அதாவது படித்த வெளிநாட்டவருக்கான வேலை அனுமதி, இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் மனைவிக்கு இந்தத் தேர்வு தேவையில்லை. தேர்வு விதி 2007-ல் வந்தது, ஆனால் இப்போது வேறு சில வேலை அனுமதிகளுக்கும் விலக்கு உண்டு. மகனிடம் இருப்பது அதில் சேராவிட்டால் எழுதத்தான் வேண்டும்.

நம் பிள்ளைகள் வாசிப்பதிலும் எழுதுவதிலும் மார்க் வாங்கிவிடுவார்கள். கோட்டை விடுவது கேட்பதில். ரயில் நிலைய அறிவிப்பு, போனில் விட்ட தகவல், கடையில் விலை, எல்லாவற்றிலும் எண்கள் வரும். 24 என்பதை 'நான்கும் இருபதும்' என்கிற வரிசையில் சொல்வார்கள். அவசரத்தில் 42 என்று எழுதிவிட்டு வரும் குழந்தைகள் எத்தனையோ பேர். அதனால் மருமகளை தினமும் அரை மணி நேரம் காதால் படிக்கச் சொல்லுங்கள். புத்தகத்தை மூடிவிட்டு.

அப்புறம், ஸ்டுட்கார்ட்டில் இறங்கியதும் பக்கத்து வீட்டுப் பாட்டி பேசுவது ஒன்றும் புரியாது. அது ஷ்வேபிஷ் என்கிற வட்டாரப் பேச்சு, பாடப்புத்தகத்தில் இருக்காது. பயப்பட வேண்டாம். சுவிட்சர்லாந்திலும் எழுதும் ஜெர்மன் ஒன்று, வீட்டில் பேசும் ஜெர்மன் வேறு. நாமும் இந்தப் பத்தியில் எழுதுவதுபோலவா வீட்டில் பேசுகிறோம்?

கே: எனக்கு 62 வயது. இனிமேல் ஜெர்மன் வருமா? (வாசகர், கோவை)

ப: வரும். துணைவாக்கியத்தில் வினைச்சொல் கடைசியில் போய் உட்காரும் என்றதும் ஆங்கிலத்தில் யோசிக்கிறவர்கள் தடுமாறுவார்கள். தமிழில் யோசியுங்கள், பாதி வேலை முடிந்தது. உதட்டை 'ஊ' என்று குவித்துக்கொண்டு உள்ளே 'ஈ' சொல்லிப் பாருங்கள், அவர்களுடைய 'ü' வந்துவிடும். பேரப்பிள்ளைகள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

படுத்தி எடுப்பது பெயர்ச்சொற்களின் ஆண்பால், பெண்பால்தான். கரண்டி ஆண், முள்கரண்டி பெண், கத்தி இரண்டும் இல்லை. ஏன் என்று கேட்காதீர்கள். 'உங்', 'ஹைட்', 'கைட்' என்று முடியும் பெயர்கள் பெண்பால், அதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். மற்றவை கேட்டுக் கேட்டு வரும்.

கே: இத்தனை வருடம் ஒரே பாடம். சலிக்கவில்லையா? இப்போது பொழுது எப்படிப் போகிறது? (வாசகர், சேலம்)

ப: பாடம் சலிக்கவில்லை, விடைத்தாள் சலித்தது. இசையமைப்பாளர் பாக் 1723-ல் ஜெர்மனியின் லைப்ஸிக் நகரத் தேவாலயத்து இசைப் பொறுப்புக்கு வந்தபோது, பள்ளியில் லத்தீனும் நடத்த வேண்டும் என்பது ஒப்பந்தம். அவர் கைக்காசு கொடுத்து இன்னொருவரை அந்த வகுப்புக்கு அனுப்பிவிட்டார். எனக்கு அந்தத் துணிச்சலும் இல்லை, காசும் இல்லை.

இப்போது சாயங்காலங்களில் எதிர்வீட்டு நர்ஸ் பெண் வருகிறாள், கன்னியாகுமரிக்காரி, ஏ1-ஐவிடப் பல படி மேலான பி2 தேர்வுக்குத் தயாராகிறாள். நான் இடுப்பு எலும்பு உடைந்த, சிடுசிடுத்த ஜெர்மன் கிழவியாகக் கட்டிலில் படுத்துக்கொள்வேன். சூப் ஆறிவிட்டது, ஜன்னலைத் திற, மகன் ஏன் வரவில்லை என்று பாதி வார்த்தையை விழுங்கி முனகுவேன். அவள் என்னைச் சமாதானப்படுத்தி, இரத்த அழுத்தம் பார்த்து, அடுத்த ஷிப்டுக்கு வருகிறவரிடம் என் நிலைமையைச் சொல்ல வேண்டும். அந்த அடுத்த ஷிப்டும் நான்தான். போன வாரம் முழுவதும் நிறுத்தாமல் சொல்லி முடித்தாள். இரண்டு இடத்தில் வேற்றுமை தப்பு. திருத்தவில்லை, சூப்பைச் சுடவைத்துத் தரச் சொன்னேன்.